அட்டவணைக்கும் ஆடை உண்டு

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் முன்னோர் வாய்மொழி. மனிதருக்குப் பொருந்தும் இவ்வாக்குக் கணினியில் நாம் அமைக்கும் அட்டவணைக்கும் பொருந்துமா என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள். “இஃதென்ன விந்தை! கோடு கிழித்துக் கட்டத்துள் எண்களை இட்டால் அட்டவணை ஆயிற்று. அதற்கு ஆடை எதற்கு?” என்று நேயர்கள் வினவக்கூடும்.

சென்ற கிழமை எமது வகுப்பு மாணவி ஒருத்தியும் இவ்வாறே வினவினாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்திருப்பவள் அவள். சொல் முறைவழிப்படுத்தல் என்னும் பகுதியில் அட்டவணைப் பாணிகளைப் பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். “சேர், கட்டத்துக்கு நிறம் பூசுவதும் ஒரு படிப்பா?” என்று அவள் கேட்டதும் வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினா வீடு திரும்பிய பின்னரும் எம்மை விட்டு அகலவில்லை. ஏனெனில், அட்டவணையின் ஆடையை அற்பமென எண்ணி நாமே ஒரு முறை பெரும் பிழை புரிந்ததுண்டு. வகுப்பில் கூறாது விட்ட அப்பிழையை இங்கே கூறத் துணிந்தோம்.

அதற்கு முன், அட்டவணை நமக்குப் புதிய பொருளன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் இல்லந்தோறும் தொங்கும் பஞ்சாங்கம் ஓர் அட்டவணை. நாளும் கிழமையும், திதியும் நட்சத்திரமும் தத்தமக்குரிய நிரலில் நிற்கின்றன. ஆண்டுதோறும் புதிய பஞ்சாங்கம் வந்தாலும் அதன் அமைப்பு மாறுவதில்லை. ஆதலால் கண் மங்கிய பாட்டியும் வேண்டிய திதியை ஒரு கணத்திற் கண்டுபிடித்துவிடுகிறார். அமைப்பின் ஒழுங்கு வாசிப்பவரின் உழைப்பைக் குறைக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

மலையகத்துத் தோட்டங்களில் மற்றோர் அட்டவணை தலைமுறை தலைமுறையாக மக்களின் அடுப்பை ஆண்டு வந்திருக்கிறது. அதுவே செக்ரோல். இடப்புறத்தில் தொழிலாளரின் இலக்கமும் பெயரும். வலப்புறத்தில் மாதத்தின் நாள்கள். வேலைக்கு வந்த நாளுக்குரிய கட்டத்தில் அடையாளம் விழுந்தால் அன்றைக்குப் ‘பேர்’ உண்டு. குறித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’தான். ஒரு கட்டத்தில் இடப்படும் சிறு கீற்று ஒரு நாட் கூலியாகும்.

எம் அன்னையார் கொஸ்லந்தப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். எழுத்தறியாதவர், ஆயினும் தம் இலக்கத்தை அறிவார். ஒரு மாதம் சம்பளக் கணக்கில் அரைப்பேர்கள் மிகுந்திருப்பதாகக் கணக்கப்பிள்ளை வாசித்தார். அன்னையார் சினங்கொள்ளவில்லை. “ஐயா, எம் பேருக்கு நேரா வெரல வச்சு இன்னொருக்கா பாருங்க” என்றார். பார்த்தபோது, வாசித்தவரின் விரல் பாதி வழியில் ஒரு நிரை கீழே வழுகி, அடுத்த பெண்ணின் கட்டங்களிற் சென்றிருந்தமை தெரிந்தது. வஞ்சகம் எதுவும் இல்லை. நெருக்கமான கோடுகள், ஒரே நிறத் தாள், மங்கிய விளக்கு, அவ்வளவே. சிறுவனாக அருகில் நின்ற எமக்கு அந்த விரல் இன்றும் கண்முன் நிற்கிறது.

இனி எம் பிழைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. காலையிலேயே பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. காணாமற் போனோரின் தொகை முதல் நாள் ஒன்றாகவும் மறுநாள் வேறொன்றாகவும் சொல்லப்பட்டது. ஓர் ஊரிலே எத்தனை பேர் வாழ்ந்தனர் என்னும் எளிய கேள்விக்கு உடனே விடை கூற இயலாமற் போன அந்நாள்களை எம் பகுதி மக்கள் மறவார்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, அப்பியாசக் கொப்பி, வெள்ளைச் சப்பாத்து ஆகியவற்றைச் சேர்த்து வழங்க எம்மைப் போன்ற ஆசிரியர் சிலர் முற்பட்டனர். பெயர்ப் பட்டியலைக் கணினியில் அமைக்கும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. பெயர், பெற்றார் அல்லது காப்பாளர், வயது, வகுப்பு, சப்பாத்தின் அளவு என ஐந்து நிரல்கள். இரவிரவாக எழுதி முடித்து, அழகுக்காக ஒன்றுவிட்டொரு நிரைக்குக் கையாலேயே நிறமும் பூசினோம். பட்டியல் பல பக்கங்களுக்கு நீண்டது.

வழங்கும் நாளில் தாள்களைப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். தலைப்பு முதற் பக்கத்தில் மாத்திரமே இருந்தது. ஏனைய பக்கங்களை ஏந்தி நின்ற இளைஞருக்கு எந்த நிரல் வயது, எந்த நிரல் சப்பாத்து என்று தெரியவில்லை. வயதும் ஒன்பது, பத்து, பதினொன்று. சிறுவர் சப்பாத்தின் அளவும் ஒன்பது, பத்து, பதினொன்று! ஒரு பக்கம் முழுவதற்கும் வயதைப் பார்த்தே சப்பாத்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. பதினொரு வயதுச் சிறுவன் ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு நாணி நின்றான்.

இன்னொன்று இதனினும் வருத்தத்திற்குரியது. ஒரு சிறுமியின் காப்பாளர் விபரம் மூன்று வரிகளுக்கு நீண்டிருந்தமையால் அவளது நிரை இரு பக்கங்களாகப் பிளவுண்டது. பெயர் ஒரு பக்கத்தின் அடியில். விபரத்தின் மிகுதி அடுத்த பக்கத்தின் தலையில். இத்தாளை ஏந்தியவர் அவள் அடுத்த தாளுக்குரியவள் என்று எண்ணினார். அடுத்த தாளை ஏந்தியவர் பெயரில்லாத வரியைக் கடந்து சென்றார். எல்லாரும் பெற்றுச் சென்ற பின்னர் அவள் மாத்திரம் தனியே நின்றாள். பிழை அன்றே திருத்தப்பட்டது. ஆயினும், ஏற்கெனவே யாவற்றையும் இழந்த ஒரு பிள்ளையை எம் அட்டவணை மீண்டும் ஒரு முறை விட்டுவிட்டது என்னும் எண்ணம் எம்மைச் சுட்டது.

இவ்விரு பிழைகளையும் தடுக்கும் வசதி அன்றே எம் கணினியில் இருந்தது, நாம்தாம் அறிந்திலோம். மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் அட்டவணைப் பாணி என்னும் வசதி 2002ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் ரைட்டரிலும் 2017இல் வெளிவந்த பதிப்பு முதல் உண்டு.

பாணி என்பது யாது? நிரைகளிலும் நிரல்களிலும் நாம் எழுதுவது பொருள். அப்பொருள் கண்ணுக்குத் தோன்றும் விதம் பாணி. கோட்டின் தடிப்பு, நிறம், எழுத்தின் பருமன், இடைவெளி ஆகிய யாவற்றையும் ஒருங்கே தொகுத்து ஒரு பெயரிட்டு வைத்திருப்பதே அட்டவணைப் பாணி. கையால் நிறம் பூசுவது உடலிலே வண்ணம் தீட்டுவதைப் போன்றது. பாணியை இடுவது ஆடை அணிவதைப் போன்றது. ஆடையை மாற்றலாம், உடலுக்கு ஊறு இல்லை.

வேர்ட் மென்பொருளில் அட்டவணையினுள்ளே சுட்டியை வைத்தவுடன் மேலே ‘டேபிள் டிசைன்’ என்னும் பகுதி தோன்றும். அங்கே ‘டேபிள் ஸ்டைல்ஸ்’ என்னும் தலைப்பின் கீழ்ப் பலவகைப் பாணிகள் வரிசையாக நிற்கும். விரும்பிய ஒன்றைச் சொடுக்கினால் அட்டவணை முழுவதும் அவ்வாடையை அணிந்துகொள்ளும். அதன் இடப்புறத்தில் ஆறு சிறு தெரிவுகள் உள. அவையே இப்பாடத்தின் உயிர்நாடி.

முதலாவது, ‘ஹெடர் ரோ’ எனப்படும் தலைப்பு நிரை. முதல் நிரையை ஏனையவற்றினின்றும் வேறுபடுத்திக் காட்டும். இரண்டாவது, ‘டோட்டல் ரோ’ எனப்படும் மொத்த நிரை; இறுதி நிரையை வேறுபடுத்தும். மூன்றாவது, ‘பேண்டட் ரோஸ்’. ஒன்றுவிட்டொரு நிரைக்கு மெல்லிய நிறம் ஊட்டும். நான்காவதும் ஐந்தாவதும் முதல் நிரலையும் இறுதி நிரலையும் சிறப்பிப்பன. ஆறாவது, ஒன்றுவிட்டொரு நிரலுக்கு நிறம் ஊட்டுவது.

எம் அன்னையாரின் கணக்கை வாசித்த விரலை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒன்றுவிட்டொரு நிரை நிறம் பெற்றிருந்தால் அவ்விரல் வழுகியிராது. நிறம் பூசுவது அழகுக்காக என்று எண்ணுவோர்க்கு இதுவே விடை. பெயர் நிற்கும் முதல் நிரலைத் தடித்த எழுத்திற் காட்டுவதும் அவ்வாறே: யாருடைய கணக்கு என்பது முதலிற் புலப்படல் வேண்டும்.

“நிறத்தைக் கையாலேயே பூசிவிட்டால் என்ன?” என்று கேட்பீர்கள். பட்டியல் என்றும் மாறிக்கொண்டே இருப்பது. நடுவிலே ஒரு பெயரைச் சேர்த்தால், கையால் பூசிய நிறம் குழம்பி, ஒரே நிற நிரைகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். பெயர்களை அகரவரிசைப்படுத்தினாலோ நிறங்கள் தாறுமாறாகச் சிதறும். பாணியால் வந்த நிறமோ தானே ஒழுங்குபட்டு நிற்கும்.

இனி மாணவர்க்கு ஒரு பயிற்சி தருவோம். நம் மக்களின் வரலாறே இதற்குப் பொருளாகட்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரை மூன்று தொகைகளாக வகுத்தது: இந்தியா ஏற்பவர் 525,000, இலங்கை ஏற்பவர் 300,000, பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியவர் 150,000. இதனை இரு நிரல்களில், தலைப்பு நிரை ஒன்று, விபர நிரைகள் மூன்று, மொத்த நிரை ஒன்று என அமைத்து, ஒரு பாணியை இடுக.

அடுத்து, 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மூன்றாவது தொகை இரு நாடுகளுக்கும் 75,000 வீதம் பங்கிடப்பட்டது. ஆகவே மூன்றாம் நிரையை நீக்கி, அவ்விடத்தில் இரு நிரைகளைச் சேர்க்குக. நிறங்கள் தாமே ஒழுங்குபடுவதையும் மொத்த நிரை தன் ஆடை குலையாது கீழே நிற்பதையும் காண்பீர்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மொத்த நிரை என்னும் தெரிவு ஆடையை மாத்திரமே தரும், கூட்டலைச் செய்யாது. கூட்டுவதற்கு ‘லேஅவுட்’ பகுதியில் ‘போர்முலா’ என்பதைச் சொடுக்கி, மேலுள்ளவற்றைக் கூட்டும் சூத்திரத்தை இடல் வேண்டும். பின்னர் எண்களை மாற்றினால் மொத்தம் தானாக மாறாது. அதனைத் தெரிவுசெய்து எஃப் 9 விசையை அழுத்தல் வேண்டும். வெறுமையான கலம் இருப்பின் அதில் 0 இடுக. இரண்டாவது, எண் நிரலின் தலைப்பில் 1964 என்று ஆண்டை மாத்திரம் எழுதிவிட்டால் அதனையும் ஓர் எண்ணென எண்ணிக் கணினி கூட்டிவிடும். மொத்தம் 976,964 என்று வரும். இல்லாத 1,964 பேர் எங்கிருந்தோ வந்து சேர்வர்! ஆகையால் அத்தலைப்பிற் ‘பேர்’ என்றே எழுதுக. எண்ணைச் சரிபாராது அட்டவணையை எவருக்கும் கொடுக்காதிருக்க.

எம் சப்பாத்துப் பட்டியலைக் காத்திருக்கக் கூடிய இரு வசதிகளை இனிக் கூறுவோம். அவை பாணியின் உடன்பிறப்புகள் எனலாம். ஆயின் தனியே இடப்படல் வேண்டும். முதல் நிரையிற் சுட்டியை வைத்து, ‘லேஅவுட்’ பகுதியில் ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ என்பதைச் சொடுக்கினால் தலைப்பு ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் மீண்டும் தோன்றும். திருக்குறளின் 1330 பாக்களும் 133 அதிகாரத் தலைப்புகளின்றி அச்சாகியிருப்பின் நாம் எவ்வாறு தடுமாறுவோமோ அவ்வாறே தலைப்பற்ற பக்கத்திலும் தடுமாறுவோம். அட்டவணையின் நடுவே கையால் பக்கத்தை முறித்தால் இத்தலைப்பு மீண்டும் வாராது. பக்கம் தானே முடியட்டும்.

மற்றையது, நிரை பிளவுபடாது காத்தல். ‘லேஅவுட்’ பகுதியின் ‘புரொப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்து, நிரைக்குரிய பக்கத்தில், பக்கங்களுக்கிடையே நிரை பிரிய அனுமதிக்கும் அடையாளத்தை நீக்கிவிடுக. பின்னர் எந்தப் பிள்ளையின் பெயரும் ஒரு தாளிலும் விபரம் மற்றொரு தாளிலுமாக நில்லா. லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் இவ்விரண்டும் அட்டவணைப் பண்புகளின் ‘டெக்ஸ்ட் புளோ’ என்னும் பக்கத்தில் உள்ளன. தலைப்பு நிரையை இவ்வாறு முறைப்படி குறிப்பதனால் இன்னுமொரு நன்மையும் உண்டு. கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், அந்நிரையைத் தலைப்பென அறிந்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைச் செவிக்கு எடுத்துரைக்க இயலும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்குவதனால் மாத்திரம் அப்பயன் கிட்டாது.

நம்மவர்க்கே உரிய இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவிற் பதிந்த பழைய பட்டியல்கள் பல அலுவலகங்களிலும் ஆலயங்களிலும் இன்னும் உள்ளன. பாணியை இடும்போது முன்னைய வடிவமைப்பைத் துடைத்துவிட்டால் எழுத்துரு மாறி, தமிழ்ப் பெயர்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அஞ்ச வேண்டாம், மீட்டெடுக்கும் விசையை அழுத்தினால் பழைய நிலை திரும்பும். ஆயினும் முதலிற் பிரதியொன்றை எடுத்து, அதனை ஒருங்குறித் தமிழுக்கு மாற்றிய பின்னரே ஆடை அணிவித்தல் அறிவுடைமை.

ஆடையிலும் அடக்கம் வேண்டும். கருநீலத் தலைப்பும் சிவப்பு நிரைகளும் திரையில் மின்னும். கறுப்பு வெள்ளையிற் பிரதி எடுக்கும்போது எழுத்தே மறைந்துவிடும். எம் ஊர்ப் பாடசாலைகளில் மையின் விலையும் சிறிதன்று. இளஞ் சாம்பல் நிறப் பட்டையும் மெல்லிய கோடும் போதும். பொருத்தமான பாணி அமையாவிடின், இருப்பதொன்றின் மேல் வலச் சொடுக்கிட்டு ‘மொடிபை டேபிள் ஸ்டைல்’ என்பதன் மூலம் தலைப்புக்கும் பட்டைக்கும் மொத்தத்துக்கும் தனித்தனியே மாற்றம் செய்யலாம். அதனையே கல்லூரியின் எல்லாப் பட்டியல்களுக்கும் வைத்துக்கொண்டால், பாட்டிக்குப் பஞ்சாங்கம் பழகியது போல நம் பட்டியலும் வாசிப்போர்க்குப் பழகிவிடும்.

அம்மாணவியின் வினாவுக்கு இனி விடை கூறுவோம். மகளே, கட்டத்துக்கு நிறம் பூசுவது படிப்பன்று. எந்தக் கட்டத்துக்கு, எதற்காக என்று அறிவதே படிப்பு. நாளை நீ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து சம்பளப் பட்டியலோ, நிவாரணப் பட்டியலோ, வாக்காளர் பட்டியலோ அமைப்பாய். அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு மனிதர். அவர் அத்தாளைக் காணமாட்டார். கண்டாலும் வாசிக்க அறியாதவராக இருக்கலாம். அவருக்காக வேறொருவரின் விரல் அந்நிரையில் ஓடும். அவ்விரல் வழுகாதிருக்கச் செய்வது உன் கடமை.

இந்த ஞாயிறு பிற்பகல் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, உங்கள் குடும்பத்தாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர் ஆகியவற்றை ஓர் அட்டவணையாக எழுதுங்கள். பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதுங்கள். தலைப்பிட்டு, பட்டையிட்டு, எந்த நிரையும் பிளவுபடாதவாறு அமைத்து, அச்சிட்டு, அவர்கள் கையிற் கொடுங்கள். தம் பெயர் நிற்கும் வரியை அவர்கள் விரலால் தடவிப் பார்ப்பதை நீங்களே காண்பீர்கள்.